பிரிக்கிறதோட சரி, படிக்கறதில்லை

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் பையன் என்னென்ன செய்யக்கூடாது என்று பெரியவர்கள் நிறையச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மொட்டை போடாதே, ஊர் வம்புக்குப் போகாதே, பெண் வீட்டுத் தெருவில் சைக்கிள் ஓட்டாதே. இல்லாத மாமாவின் பெயரில் உனக்கு நீயே கடிதம் எழுதிக்கொள்ளாதே என்று மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று மனதார நம்பிக்கொண்டிருந்த வயது அது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. ஏற்காட்டு மலையில், தலைச்சோலைக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கிளார்க். கிளார்க் என்பது ஊருக்குச் சொன்னது. எஸ்டேட் கணக்கில் நான் ‘டெம்பரவரி’. சேர்ந்து இரண்டு வருஷம் தாண்டியும் டெம்பரவரி. ஓமலூரில் இருந்த என் அப்பா பெண் வீட்டாரிடம் “மலை எஸ்டேட்டில் பையனுக்கு நிரந்தர வேலை” என்று சொல்லி வைத்திருந்தார். (அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் அப்படிச் சொல்லி வைத்திருந்தவன் நான்தான்.)

எங்கள் எஸ்டேட்டுக்குத் தபால்காரர் வரமாட்டார். ஏற்காடு தபால் ஆபீசில் எங்களுக்கென்று பூட்டுப் போட்ட கித்தான் பை ஒன்று உண்டு. ஒரு சாவி தபால் ஆபீசில். இன்னொரு சாவி மேனேஜர் ஞானப்பிரகாசத்தின் இடுப்பில். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கத்தில் மேனேஜர் யாராக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் அவர் ‘துரை’. துரையின் பங்களா வராந்தாவில் மத்தியானம் பை திறக்கப்படும். எஸ்டேட் கடிதம், ரைட்டர் கடிதம், கிளார்க் கடிதம், பழம் பறிக்கிற பெண்களின் கடிதம் எல்லாம் ஒரே குவியலாக விழும். ஆரஞ்சுக் கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிற சின்னக் கத்தி ஒன்று வைத்திருந்தார். அதை எடுத்து எல்லாக் கவர்களையும் வரிசையாக வகிர்ந்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிடுவார்.

“ஏனுங்க துரை, எம் பேருக்கு வந்ததை நீங்க பிரிக்கலாமுங்களா?” என்று கணக்கு எழுதும் ரைட்டர் பொன்னுசாமி அண்ணன் ஒரு நாள் கேட்டே விட்டார். அவர் பக்கத்து மஞ்சக்குட்டை கிராமத்துக்காரர். சொந்தத்தில் நாலு பலா மரமும் கொஞ்சம் காப்பியும் வைத்திருந்தார். அந்தத் தைரியம் அவருக்கு உண்டு.

“கவர் மேல மொத வரியில உங்க பேரு இருக்குது, சரி. கடைசி வரியில யார் பேரு இருக்குது? எஸ்டேட் பேரு. எஸ்டேட் சமாச்சாரம் ஏதாச்சும் உள்ள இருந்து தவறிப்போச்சுன்னா மொதலாளிக்கு ஆரு பதில் சொல்றது? பிரிக்கிறதோட சரி, ரைட்டரே. படிக்கறது கெடையாது” என்றார் துரை.

படிப்பது கிடையாதாம். அதே வாரம் பொன்னுசாமி அண்ணன் தன் கடிதத்தை வாங்கக் கை நீட்டும்போதே துரை, “உங்க மச்சினன் எருமையை வித்துப்போட்டானாமா? நொம்ப அவசரப்பட்டுட்டான்” என்று வருத்தப்பட்டார். அண்ணன் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தார். எருமை போயிருந்தது. “உங்களுக்கு எப்பிடித் தெரியுமுங்க?” என்றால், “மலையில சேதி காத்து வாக்குல வருதப்பா” என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

உண்மையில் அவர் கெட்ட மனிதர் இல்லை. மனைவியும் பிள்ளைகளும் படிப்புக்காகச் சேலத்தில் இருந்தார்கள். மாலை ஐந்துக்கே பனி இறங்கிவிடும் மலையில், மிளகும் காப்பியும் தவிரப் பேச ஆளில்லாமல் தனியாக இருந்தவர். எங்கள் கடிதங்கள்தான் அவருக்குத் தொடர்கதை. ஒரு வாரம் யாருக்கும் கடிதம் வராவிட்டால் எங்களை விட அவர்தான் வாடிப்போவார்.

ஆனால் என் ஜாதகத்தில் கை வைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுப் பூசைக்குப் போகிற மனிதர், ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏங்கண்ணு, ஏழாமெடத்துல செவ்வாயாமே? பொண்ணுக்கும் இருந்துட்டாத் தோசம் இல்லீங்கறாங்க” என்றார். வாழப்பாடிப் பாக்குத் தோப்புக்காரர் மகள் தனலட்சுமியின் ஜாதகம் எனக்குப் பொருந்திவிட்டது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குப் பெண் அமைந்த செய்தியை எனக்கு முன்னால் தெரிந்துகொண்டு, எனக்கே ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்து வாழ்த்தினார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என்னோடு படித்தவன் ஒருவன் சேலத்தில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தான். ‘வேலை செய்யும் இடத்துக்கு என் பெயருக்கு வரும் கடிதத்தை மேலதிகாரி பிரிக்கலாமா?’ என்று அவனுக்கு எழுதினேன். ‘தபால் ஆபீஸ் கையில் இருக்கிற வரைக்கும் யார் தொட்டாலும் தப்பு. பையோடு அவர் வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் சட்டம், கொஞ்சம் மரியாதை. வழக்குப் போட்டால் ஒரு வேளை ஜெயிக்கலாம். வேலை இருக்குமா என்று சொல்ல முடியாது’ என்று பதில் எழுதியிருந்தான். அந்தப் பதிலும் அழகாக வகிரப்பட்டுத்தான் என் கைக்கு வந்தது.

“உங்க சிநேகிதரு நல்லா வெவரமா எழுதறாரு” என்றார் துரை.

நான் முறைத்தேன்.

“கையெழுத்தைச் சொன்னேன். கவர் மேல” என்றார்.

அன்று சாயங்காலம் நானும் பொன்னுசாமி அண்ணனும் உட்கார்ந்து யோசித்தோம். பிரிக்கிறார் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். படிக்கிறார் என்பதை அவர் வாயாலோ கையாலோ ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். கடிதத்தில் மட்டுமே இருக்கிற ஒரு விஷயத்தை வைத்து அவர் ஏதாவது செய்துவிட்டால் ஆள் அகப்பட்டார். “எலிக்கு மசால் வடை வெக்கற மாதிரி வெச்சுப்போடு மணி” என்றார் அண்ணன்.

வடை சுடுவதை நான் ஏற்றுக்கொண்டேன். கதை எழுதுவதில் எனக்கு ஒரு கிறுக்கு அப்போதே உண்டு. சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு ‘சின்ன மாமா’வை உற்பத்தி செய்தேன். அவர் எனக்கு எழுதியது இதுதான்: ‘ரகசியம். எங்கள் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி உங்கள் மலை எஸ்டேட்டுகளுக்கு மாறுவேஷத்தில் வருகிறார். வேட்டி, குடை, துணிப்பை என்று சாதாரண விவசாயி போல் இருப்பார். முதலில் விளைச்சலைப் பற்றிப் பேசிவிட்டு, மெதுவாக வேலைக்காரர்களைப் பற்றி விசாரிப்பார். ஸ்டாப் லைன் குடியிருப்பு வெள்ளையடித்திருக்கிறதா, கக்கூசில் பல்பு எரிகிறதா, ஆபீசில் ஸ்டாப் முகம் பார்க்க நிலைக்கண்ணாடி உண்டா, ஆட்களை வருஷக்கணக்கில் டெம்பரவரியாக வைத்திருக்கிறார்களா, எல்லாம் பார்ப்பார். கவனம்.’

கண்ணாடிதான் வடை. பல்பும் வெள்ளையடிப்பும் யாருக்கும் தோன்றலாம். காப்பி எஸ்டேட் ஆபீசில் ஆளுயரக் கண்ணாடி மாட்ட எவனுக்கும் தானாகத் தோன்றாது. கடைசி வரி என் சொந்த ஆசை. இந்தப் பயத்தில் என்னை நிரந்தரமாக்கிவிட்டால் அப்பா சொன்ன பொய் உண்மையாகிவிடும் அல்லவா? (ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அன்று ராத்திரி எனக்கு நானே பாராட்டுக் கூட்டம் நடத்திக்கொண்டேன்.) மிளகு லோடோடு சேலம் இறங்கிய அண்ணனின் மைத்துனர் கடிதத்தை அங்கே தபாலில் போட்டார்.

கடிதம் பையில் வந்த மறுநாள் காலை சுண்ணாம்பு டின்னோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

“என்னுங்க துரை, திடீர்னு வெள்ளையடிப்பு?” என்றார் அண்ணன், ஒன்றும் அறியாதவர் போல.

“கிறிஸ்மஸுக்கு.”

“அது முடிஞ்சு ஒன்றரை மாசமாச்சுங்களே.”

“வர்ற கிறிஸ்மஸுக்கு” என்றார் துரை.

மத்தியானம் கக்கூசில் பல்பு எரிந்தது. சாயங்காலம் துரையின் பங்களாப் படுக்கையறையில் இருந்த நிலைக்கண்ணாடியை நாலு பேர் தூக்கிவந்து ஆபீசில் எங்கள் மேசைக்கு எதிரே நிறுத்தினார்கள். அண்ணன் அதன் முன்னால் நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டே திரும்பினார். “துரை, கண்ணாடி சமாச்சாரம் மணி தம்பியோட மாமா கடுதாசியில மட்டுந்தானுங்க இருந்துச்சு.”

துரையின் முகம் பழுத்த காப்பிப் பழமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கண்ணாடியில் தெரிந்த தன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒட்டுக்கத்தியை எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். “இனி உங்க கவரை எங் கத்தி தொடாது. பையைத் தொறந்து கொட்டிப்போடறேன். அவியவிய எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. அண்ணனுக்கும் கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டும். அன்று அவர் கண்ணாடியில் பிறகு பார்க்கவில்லை.

அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. இரவு துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “படிச்சது தப்புத்தான், கண்ணு. ஆனா அந்த ஆபீசர் வர்றது நெசந்தானே? உங்க மாமா பொய் சொல்ல மாட்டாருல்ல?”

“எங்க மாமா இதுவரைக்கும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லீங்க” என்றேன். பிறக்காத மனிதர் எப்படிப் பொய் சொல்வார்?

“அப்ப உன்னைய என்ன பண்றது? ரெண்டு வருசமா டெம்பரவரியா வெச்சிருக்கறேன்னு தெரிஞ்சா எந் தலை போயிரும்.”

“நிரந்தரமாக்கிட்டா...” என்று இழுத்தேன்.

“அதுக்கு மொதலாளி ஆபீசுக்கு எழுதி, அவிய யோசிச்சு, ஆறு மாசம் ஆகும். வேற வழி இருக்குது. அந்தாளு வந்தா நீ நேராப் பல்ப்பர் ஹவுசுக்குள்ள போயிரு. அவன் போற வரைக்கும் நீ இந்த எஸ்டேட்டுலயே இல்லை. புரிஞ்சுதா?”

நான் பறித்த இரண்டாவது மாங்காய் இப்படி என் தலையில் விழுந்தது. ஆனாலும் நான் கவலைப்படவில்லை. வராத ஆபீசருக்காக எதற்கு ஒளிய வேண்டியிருக்கப் போகிறது?

வியாழக்கிழமை மத்தியானம் பை வந்தது. துரை சொன்ன சொல் தவறவில்லை. கடிதங்களைக் கொட்டிவிட்டு, பார்க்கவும் சகிக்காமல் முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அப்பாவிடமிருந்து ஒரு கவர். இரண்டு வருஷத்தில் முதன்முதலாக ஓரம் கிழியாமல் வந்த கவர். உடனே பிரிக்க மனம் வரவில்லை. உரிமைப் போரில் வென்ற வீரன் இல்லையா? டீ குடித்துவிட்டு நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று மேசைமேல் நிறுத்தி வைத்து அழகு பார்த்தேன்.

டீ வருவதற்குள் துரை மூச்சிரைக்க உள்ளே வந்தார். “வந்துட்டான்! ஓடு!”

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எஸ்டேட் கேட்டில் வாடகை ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். வேட்டி. குடை. துணிப்பை. நான் உற்பத்தி செய்த ஆபீசர் நிஜமாகவே வந்துவிட்டாரா? சேலம் ஜில்லாவில் பாதி ஆம்பிள்ளைகளின் அங்க அடையாளத்தைத்தான் நான் எழுதியிருந்தேன் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. அடுத்த கணம் எல்லாம் விளங்கிவிட்டது. பொன்னுசாமி அண்ணன்! வேடிக்கை போதாதென்று யாரோ சொந்தக்காரரை வேஷம் கட்டிக் கூட்டிவந்திருக்கிறார்! ‘சபாஷ் அண்ணா’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் பல்ப்பர் ஹவுசுக்கு ஓடினேன்.

காப்பிப் பழத்தைத் தோலுரித்து, வழவழப்புப் போக ஊறவைக்கிற இடம் அது. தரை முழுவதும் கொழகொழவென்று சிவப்புத் தோல். உள்ளே போன வேகத்தில் வழுக்கி ஊறல் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூட வேலை செய்கிறவன் போல ஒரு மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் புளித்த காப்பித் தோலின் நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. என்னைப் பார்த்து அங்கிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பையும்தான்.

அங்கே பங்களாவில் நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். வந்தவர் மிளகுக் கொடி கேட்டிருக்கிறார். துரை மிளகுக் கொடியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஸ்டாப் லைனின் வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கண்ணாடியில் முகம் பார்க்க வைத்திருக்கிறார். பிறகு கக்கூசுக்கே கூட்டிப் போய், “நாப்பது வாட்ஸுங்க” என்று பல்பைப் போட்டுப் போட்டு அணைத்துக் காட்டியிருக்கிறார். வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “இங்க கிளார்க்குத் தம்பி ஒருத்தரு இருக்கறாராமா?” என்று மெதுவாக ஆரம்பித்தாராம்.

“கிளார்க்கா? இந்த எஸ்டேட்டுல கிளார்க்கே கெடையாதுங்க” என்று துரை அடித்துச் சொல்லிவிட்டார். பொன்னுசாமி அண்ணனும் பக்கத்தில் நின்று, “நான் இருவது வருசமா இருக்கறேனுங்க. கிளார்க்கைக் கண்ணுல பாத்ததில்ல” என்று பலமாகத் தாளம் போட்டிருக்கிறார்.

வந்தவர் சுற்றிப் பார்க்கிற சாக்கில் பல்ப்பர் ஹவுஸ் பக்கம் வந்தார். பத்தடி பின்னால் துரை, கண்ணாலேயே என்னை எச்சரித்துக்கொண்டு. வந்தவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இங்க சுப்பிரமணின்னு, ஓமலூர்க்காரரு, கிளார்க்கு வேலையாமா. எங்கீங்க இருப்பாரு?”

என் முழுப் பெயரையும் ஊரையும் அண்ணன் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாரே என்று மெச்சிக்கொண்டேன். துரைக்குத் தெரியாமல் அவரைப் பார்த்து ஒரு கண்ணடித்தேன். “சுப்பிரமணியா? அவன் ஓடிப்போய் நாளாச்சுங்களே!”

அவர் குடை நழுவியது. “ஓடிப்போயிட்டாரா?”

“ராத்திரியோட ராத்திரியாக் கெளம்பிட்டானுங்க. தனியாப் போகலைன்னும் பேச்சு.”

“கூட யாருங்க?”

“அதை எம் வாயால சொல்லக் கூடாதுங்க” என்று இன்னொரு கண்ணடித்தேன். மனிதர் குடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். என்ன நடிப்பு என்று வியந்தேன்.

அவர் ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் சொட்டச் சொட்ட ஆபீசுக்கு வந்தேன். “எங்கண்ணா புடிச்சீங்க அந்தாளை?” என்றேன்.

பொன்னுசாமி அண்ணன் விழித்தார். “நானா? நீ ஏற்பாடு பண்ணுன ஆளுன்னுதானே நானும் சேந்து பொய் சொன்னேன்?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதிரே கண்ணாடியில் காப்பித் தோல் அப்பிய ஒரு முட்டாளும் தெரிந்தான். மேசைமேல் அப்பாவின் கவர் நின்றுகொண்டிருந்தது. பிரித்தேன்.

‘வியாழக்கிழமை பெண்ணின் தகப்பனார் தனியாக அங்கே வருகிறார். மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்கே போய், யாரென்று காட்டிக்கொள்ளாமல் விசாரிப்பது அவர்கள் வழக்கம். மிளகுக் கொடி வாங்க வந்தது போலப் பேசுவார் என்று தரகர் காதோடு சொன்னார். நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நல்ல சட்டை போட்டுக்கொள். முக்கியமாக வாயை அடக்கு.’

பழக்கதோஷத்தில் துரை என் தோளுக்கு மேலாக நின்று படித்து முடித்திருந்தார். “பாத்தியா? நாம் பிரிச்சிருந்தா இந்நேரம் அந்த மனுசனுக்குக் கோழி அடிச்சிருப்பேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். ‘சுதந்திரம்’ என்று கேட்டு வாங்கிய முதல் நாளே என் கல்யாணம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. தனலட்சுமியின் போட்டோவை நான் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அழுகை வந்துவிட்டது.

“அழுகாத சாமி. சேலம் பஸ் இன்னும் எடுத்திருக்க மாட்டான்” என்று துரை ஜீப் சாவியை எடுத்தார்.

மூன்று பேரும் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். துணிகூட மாற்றாமல் வந்த நான் ஜன்னலருகே போனதும், அவர் பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“மாமா, நாந்தானுங்க சுப்பிரமணி. நான் ஓடிப்போகலீங்க” என்றேன். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“தெரியுந்தம்பி” என்றார் அவர் நிதானமாக.

“தெரியுமுங்களா?”

“போட்டோவுல பாத்த மூஞ்சிதானே? மூஞ்சி எம் முன்னால நின்னுக்கிட்டே நான் ஓடிப்போயிட்டேங்குது. கண்ணு வேற அடிக்குது. சரி, பாவம், பையனுக்கு புத்தி பெரண்டிருச்சு, அதான் எஸ்டேட்டே ஒண்ணு சேந்து மறைக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.” துரையைப் பார்த்து, “அந்த பல்பு சமாச்சாரந்தான் எனக்கு இன்னும் வெளங்கலீங்க” என்றார்.

கண்டக்டர் விசில் அடிக்க வாயில் வைத்ததை எடுத்துவிட்டு, “சொல்லுங்க, கேட்டுட்டே எடுத்தரலாம்” என்று படியில் உட்கார்ந்துகொண்டார்.

வேறு வழியில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் எல்லாவற்றையும் கொட்டினேன். பை, கத்தி, கண்ணாடி, கடிதம். சின்ன மாமா என்று ஒருவர் கிடையாது என்று சொன்னபோதுதான் பின்னால் ஒரு முனகல் கேட்டது. துரை நிற்பதையே மறந்துவிட்டிருந்தேன்.

“மாமாவே இல்லையா?” என்றார். “அவரு நல்ல மனுசன்னு நெனச்சேனே.”

போச்சு, வேலையும் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன். பாக்குத் தோப்புக்காரர் என்னை விட்டுவிட்டுத் துரையிடம் திரும்பினார். “ஏனுங்க, நீங்க பெரியவிய. இந்தப் பையன் எப்பிடீங்க? உள்ளதைச் சொல்லுங்க. எனக்கு ஒரே பொண்ணு.”

துரை நினைத்திருந்தால் அந்த இடத்தில் என்னை முடித்திருக்கலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பொய் சொல்லுவான். நீங்களே பாத்தீங்க. பெரிய அறிவாளின்னு நெனப்பு. ஆனா ரெண்டு வருசமா இவனுக்கு வந்த கடுதாசி ஒண்ணு விடாமப் படிச்சவன் சொல்றேன், கேட்டுக்குங்க. கடன்காரன் எழுதுனதில்ல. சீட்டாடற கூட்டாளி எழுதுனதில்ல. அவங்கம்மா ஒவ்வொரு கடுதாசியிலயும், ஏங்கண்ணு எனக்கே எல்லாத்தையும் அனுப்பிப்போடறே, நீ நல்லாத் தின்னுன்னுதான் எழுதறாங்க. இத்தனை நாள்ல ஒரு பொண்ணுகிட்ட இருந்து ஒரு வரி வந்ததில்ல. வந்திருந்தா நாம் படிக்காம உட்டிருப்பனா?”

பாக்குத் தோப்புக்காரர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “நானும் பொண்ணு குடுக்கறதுக்கு மூணு எடத்துல மாப்ள விசாரிச்சிருக்கறேனுங்க, தம்பி மக்களுக்கு. டீக்கடையில கேப்போம், பக்கத்தூட்டுல கேப்போம். இந்த மாதிரி அலசிப் பாத்துச் சொன்ன ஆளை நாங் கண்டதில்ல” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “குளிச்சுப்போட்டு ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. பொண்ணு கேக்கட்டும் இந்தக் கூத்தை. அவ சிரிச்சாச் சரி” என்றார். கண்டக்டர் விசில் அடித்தார்.

தனலட்சுமி சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

வைகாசியில் வாழப்பாடியில் கல்யாணம். (அதற்குள் துரை முதலாளி ஆபீசுக்கு எழுதி, சண்டை போட்டு, என்னை நிரந்தரமாக்கியிருந்தார். ‘மாமா எழுதலைன்னாலும் எழுதுன விசயம் நாயந்தானே’ என்றார்.) அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு வாழ்த்துத் தந்திகள் வரும். அவற்றைப் பிரித்து மைக்கில் படிக்க யாராவது ஒரு பெரிய மனிதரைக் கூப்பிடுவார்கள். என் மாமனார் யோசிக்கவே இல்லை, ஞானப்பிரகாசம் துரையை மேடைக்கு அழைத்தார். அடுத்தவர் பெயருக்கு வந்ததைச் சபை நடுவே, ஊரே கேட்க, அதிகாரபூர்வமாகப் பிரித்துப் படிக்கும் பாக்கியம்! அவர் முகத்தில் அன்று கண்ட சந்தோஷத்தை மாப்பிள்ளை முகத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. சில தந்திகளை இரண்டு தடவை படித்தார்.

எல்லாம் முடிந்ததும் தன் சட்டைப் பையிலிருந்து தடித்த கவர் ஒன்றை எடுத்து, நாலு பக்கமும் பசை தடவி ஒட்டியதை, தனலட்சுமி கையில் கொடுத்தார். “அம்மணி, இது உங்க பேருக்கு மட்டும்” என்றார். என் கடிதங்களை எல்லாம் படித்தவர் என்ற முறையில் என்னைப் பற்றி என் மனைவிக்கு அவர் எழுதிய அறிக்கை அது.

நான் கை நீட்டினேன். “உங்க பேருக்கு வந்ததுங்களா?” என்று கேட்டாள் அவள். நாங்கள் கணவன் மனைவியாகப் பேசிக்கொண்ட முதல் பேச்சு. ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டில் இருந்து வாழப்பாடிப் பந்தல் வரைக்கும் என் கொள்கை பரவியிருந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

அந்தக் கவர் இன்றும் பீரோவில் அவள் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. சண்டை வந்தால் அவள் குரலை உயர்த்துவதில்லை. “துரை மூணாம் பக்கத்துல எழுதுனது சரியாத்தான் இருக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மகள் வயசுக்கு வந்ததும் அவளுக்குப் படிக்கக் கொடுத்தாள். மகன் வேலைக்குச் சேர்ந்ததும் அவனுக்கு. போன வருஷம் மருமகனுக்கும் படிக்கக் கொடுத்துவிட்டாள். நான் ஏதாவது பெரிதாக ஆரம்பித்தால் மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அத்தை, மூணாம் பக்கமா?” என்கிறான். வீடே சிரிக்கிறது, நானும் சேர்ந்து சிரித்துவைக்கிறேன். மூணாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.